கான்ட்ராவுக்கு மூணு கை வேணுமாம்!

நெட்ல கெடைக்கிற கேம் மியூசிக் நோட்ஸ்ல பாதிய எழுதுனவங்க, ஒரு தடவையாச்சும் பியானோ முன்னாடி உக்காந்திருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்.

போன வாரம் அக்கா பையன் ஒரு பி.டி.எஃப்ப பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்தான். கான்ட்ரா. முதல் ஸ்டேஜ் பாட்டு. (நீல பேண்ட் ஒருத்தன், செவப்பு பேண்ட் ஒருத்தன், ரெண்டு பேருக்கும் சட்டை கெடையாது, காட்டுக்குள்ள சுட்டுக்கிட்டே ஓடுவாய்ங்க. ஞாபகம் வந்துருச்சா?) பையன் எட்டாவது படிக்கிறான். கீபோர்ட் கிளாஸ் போறான், கிரேடு எக்ஸாம்லாம் எழுதுறான். நோட்ஸ் நல்லாவே படிப்பான்.

"மாமா, இத வாசிக்க மூணு கை வேணும்."

வாங்கிப் பாத்தேன். மூணும் பத்தாது.

இடது கையில ஒரு விரல் கீழ்க்கோடிக்குப் போகணும், அதே நேரத்துல இன்னொரு விரல் ரெண்டரை ஆக்டேவ் தள்ளி நிக்கணும். வலது கையில மெலடி ஓடிக்கிட்டு இருக்கு, அது பின்னாடியே அதே மெலடி அரைகுறையா இன்னொரு தடவ வருது. ஒரு க்ராச்செட் போட்டுட்டு நிம்மதியா போயிருக்க வேண்டிய எடத்துல, டாட் வெச்ச குவேவர், அதோட டை போட்டு ஒரு டெமிசெமிகுவேவர், அப்புறம் இன்னொரு டெமிசெமிகுவேவர் ரெஸ்ட். (அந்தப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நோட்டே முடிஞ்சு போயிரும்.)

என்ன நடந்திருக்குன்னு பாத்த உடனே தெரிஞ்சுச்சு. கேம்ல இருந்து மிடி எடுத்து, அத அப்படியே ஒரு சாஃப்ட்வேர்ல கொட்டி, மேல "பியானோ"ன்னு தலைப்பு போட்டுட்டாங்க. மனுசன் கை படவே இல்ல.

வந்த கடுப்புல, "விட்றா, நானே எழுதித் தாரேன்"னு சொல்லிட்டேன்.

மொதல்ல அந்த கேம் டப்பாக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லிர்றேன். அது தெரியாம இந்த வேலையில எறங்கவே முடியாது.

தொண்ணூறுகள்ல நம்ம வீடுகளுக்கு "டிவி கேம்"னு வந்ததுல முக்காவாசி, 1983-ல நிண்டெண்டோ ஜப்பான்ல விட்ட ஃபேமிகாமோட வாரிசுங்கதான். சாமுராய்னு லைசென்ஸ் வாங்கி வித்தது ஒண்ணு. மத்தபடி லிட்டில் மாஸ்டர்ல ஆரம்பிச்சு பேரே இல்லாத டப்பா வரைக்கும் அம்புட்டும் காப்பி. மதுரைல மீனாட்சி பஜார் பக்கம் போய் கேசட் வாங்குவோம். 9999999 கேம்னு போட்டிருக்கும். உள்ள உருப்படியா பத்து தேறுனா அதிர்ஷ்டம்.

அதோட சவுண்ட் சிப்புல மொத்தம் அஞ்சு சேனல். ரெண்டு பல்ஸ், கீச்சுக்குரல்ல மெலடி பாடுறது. ஒரு ட்ரையாங்கிள், பேஸுக்கு. ஒரு நாய்ஸ், டிரம்ஸுக்கும் வெடிச்சத்தத்துக்கும். அஞ்சாவது, குட்டி குட்டியா ரெக்கார்ட் பண்ணத ஓட்டுறது. ஆக சுரம் பாடுறது மூணே மூணு குரல். அதுலயும் ட்ரையாங்கிளுக்கு வால்யூம் கண்ட்ரோலே கெடையாது. ஒண்ணு முழுச்சத்தம், இல்லேன்னா கப்சிப்.

மூணு குரல், பத்து விரல். கணக்குப்படி பாத்தா ரொம்ப சுலபம்ல?

நானும் அப்படி நெனச்சுத்தான் உக்காந்தேன்.

என்.எஸ்.எஃப்னு ஒரு ஃபைல் வகை இருக்கு. கேம்ல இருந்து பாட்டு சம்பந்தப்பட்ட கோட மட்டும் உருவி எடுத்தது. ரெக்கார்டிங் இல்ல, சிப்புக்குப் போற உத்தரவு. அத ஓட்டுற பிளேயர்கள்ல ஒவ்வொரு சேனலையும் தனித்தனியா அமுக்கிட்டு மிச்சத்தக் கேக்கலாம். ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் ஹெட்போன மாட்டிக்கிட்டு, மெலடிய அமுக்கிட்டு, ரெண்டாவது பல்ஸ மட்டும் ஓட விட்டேன்.

யப்பா.

இதுக்குள்ள இப்படி ஒரு குரல் இருக்குன்னே எனக்குத் தெரியாது. எத்தன வருசம் கேட்ட பாட்டு!

ஏன் தெரியலன்னா, இந்த சிப்புல சுடுற சத்தத்துக்கும் குதிக்கிற சத்தத்துக்கும் தனியா சேனல் கெடையாது. பாட்டுக்குன்னு இருக்கிற சேனல்ல ஒண்ணப் பிடுங்கித்தான் அது வரணும். கான்ட்ரா வெளயாடும்போது எவன் சுடாம இருந்தான்? பட்டன்ல இருந்து கட்டைவிரல எடுத்ததே இல்ல. அப்ப நாம சுட்ட ஒவ்வொரு குண்டும் பாட்டுல ஒரு துண்டத் தின்னுருக்கு. ஓட்டை விழுந்த பாட்டத்தான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கோம்.

அக்கா பையனுக்கு அந்தப் பஞ்சாயத்தே இல்ல. அவன் யூடியூப்ல சுத்தமான பாட்டு கேட்டு வளந்தவன். "இது கூடத் தெரியாதா மாமா"ங்கிறான். (இவன் அந்த கேம்ல முதல் ஸ்டேஜக் கூட முடிச்சதில்ல. அத நான் சொல்லல.)

சரி, எழுத ஆரம்பிச்சேன். மியூஸ்ஸ்கோர், ஓசி சாஃப்ட்வேர், எனக்கு அது போதும். முதல்ல நேர்மையா மூணு குரலையும் உள்ளது உள்ளபடி எழுதிப் பாத்தேன். நோட்டு ஒண்ணு கூட தப்பில்ல. வாசிச்சா நல்லாவே இல்ல. கேம்ல கேக்குற மிடுக்கு எங்கயோ போயிருச்சு.

ஏன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்பதான் இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. நாம டிவில கேட்ட கான்ட்ரா பாட்டே ஒரு அரேஞ்ச்மென்ட்தான்! கான்ட்ரா மொதல்ல வந்தது 1987-ல, ஆர்கேட் மிஷின்ல. அதுக்கு மியூசிக் கஸூகி முராஓகா. அந்த மிஷின்ல இருந்த யமஹா சிப்புல எட்டு குரல் பாடலாம். அடுத்த வருசம் ஃபேமிகாமுக்குக் கொண்டு வரும்போது, ஹிதெனோரி மாஎசாவாவும் கியோஹிரோ சதாவும் அத இந்த சின்ன சிப்புக்குள்ள எறக்குனாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. அவங்க எட்டையும் மூணுக்குள்ள திணிக்கல. எது இல்லேன்னா பாட்டு செத்துப்போகுமோ அத மட்டும் வெச்சுக்கிட்டு, மத்தத தூக்கிப் போட்டுட்டு, இந்த சிப்புக்கு எது நல்லா வருமோ அதுல பூந்து வெளயாடிருக்காங்க.

அப்ப நான் மட்டும் ஏன் சிப்புக்கு எழுதுனத பியானோவுல அச்சடிச்சுக்கிட்டு இருக்கணும்?

இதுதான் இந்த வேலையில எனக்குப் புரிஞ்சது. சிப்புல வர்ற சத்தத்துல பாதி, இல்லாத ஒண்ண இருக்கிற மாதிரி காட்டுற வேலை. அது எத காட்டப் பாக்குதோ, அத எழுதணும். சத்தத்த எழுதக் கூடாது.

உதாரணத்துக்கு அந்தப் பின்னாடியே வர்ற அரைகுறை மெலடி. சிப்புல எக்கோ வசதி கெடையாது. அதனால ரெண்டாவது பல்ஸ்ல அதே மெலடிய கொஞ்சம் லேட்டா, சத்தம் கம்மியா ஓட விடுவாங்க. கேக்குறவனுக்கு பெரிய ஹால்ல வாசிக்கிற மாதிரி இருக்கும். பல கேம்ல இந்த வித்தை உண்டு. பியானோவுக்கு எழுதும்போது அத நோட்டு நோட்டா எழுதுனா கை பின்னிக்கும். பியானோவுலதான் கால்மாட்டுல பெடல் இருக்கே! அழுத்துனா முடிஞ்சு போச்சு. ரெண்டு வரி நோட்டு போயி, ஒரு பெடல் குறி.

ஒரே நோட்டுங்கள மடமடன்னு மாத்தி மாத்தி உருட்டுவாங்களே, ஐரோப்பாக்காரங்க கமடோர் 64 கம்ப்யூட்டர்ல அள்ளி விடுவாங்க, அதுவும் இதே கதைதான். மூணு குரல் வெச்சுக்கிட்டு கார்ட் போட்டா மெலடிக்கு ஆள் இல்ல. அதனால ஒரே குரல்ல கார்டோட மூணு நோட்டையும் படுவேகமா சுத்த விட்டு காத ஏமாத்துறாங்க. அத பியானோவுல அதே வேகத்துல எழுதுறவன கூப்பிட்டு வாசிக்கச் சொல்லணும். மூணு விரல ஒண்ணா வை, கார்ட் வந்துருச்சு!

நீளமான நோட்டு வேற மாதிரி தலைவலி. சிப்பு ஒரு நோட்டப் பிடிச்சா, விடுன்னு சொல்ற வரைக்கும் அதே சத்தத்துல நிக்கும். பியானோவுல அடிச்ச நொடியில இருந்து தேய ஆரம்பிச்சுரும். கான்ட்ரால மெலடி நின்னு கர்ஜிக்கிற எடத்துல பியானோ முனகிக்கிட்டு கெடக்கு. ஆக்டேவா அடிச்சுப் பாத்தேன், கொஞ்சம் தேவல. ட்ரெமொலோ போட்டுப் பாத்தேன், பழைய படத்துல வில்லன் மாடிப்படி எறங்குற மாதிரி ஆயிருச்சு. கடைசியில அந்த எடத்துல இடது கையோட பேஸ நல்லா ஓட விட்டு, அழுத்தத்த அங்குட்டு மாத்துனேன். மெலடி தேயுறது காதுக்கே தெரியல.

இடது கை பத்தி தனியா ஒரு பொலம்பல் இருக்கு. நம்ம ஊர்ல கீபோர்ட் கத்துக்கிட்டவங்களுக்கு (என்னையும் சேத்துத்தான்) இடது கை ஒரு சோம்பேறி. ரிதம் ஸ்டைலப் போட்டுவிட்டா, இடது கை மூணு நோட்ட அமுக்கிப் பிடிச்சா போதும், பேஸ், டிரம்ஸ், கிட்டார்லாம் மிஷினே பாத்துக்கும். கோயில் கச்சேரில இருந்து சர்ச் கொயர் வரைக்கும் இதுதான் ஓடுது. பத்தாததுக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் வேற. எல்லாப் பாட்டையும் சி-லயே வாசிச்சுட்டுப் போயிரலாம். இந்தப் பழக்கத்தோட வந்து ட்ரையாங்கிள் சேனல் பேஸ வாசின்னா, விரல் நாலாவது பார்லயே கெஞ்சுது. அது மிஷின், அதுக்கு மணிக்கட்டு வலிக்காது. அதனால பேஸ்ல ஒண்ணு விட்டு ஒண்ணு நோட்ட எடுத்துட்டேன். பைய வாசிச்சா குறை தெரியும், வேகத்துல தெரியாது. இன்னொண்ணு, நம்ம வீட்டு கீபோர்ட்ல 61 கட்டை. ட்ரையாங்கிள் அதுக்கும் கீழ போயிரும். அங்க ஒரு ஆக்டேவ் மேல தூக்கிரணும், வேற வழியில்ல.

எம்புட்டு எடுக்கலாம்னு ஒரு அளவு வேணும்ல? அதுக்கு நான் திரும்பத் திரும்பப் பாக்குறது மாரியோ.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ், 1985, கோஜி கொண்டோ. கேம் மொத்தமே 40 கேபி. இப்ப வாட்ஸப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படம் அத விடப் பெருசு. அந்தப் பாட்டோட மொத அடி கேட்டாலே ஒலகத்துல எவனும் சொல்லிருவான். அதுல இருக்கிறது எத்தன நோட்டு? மூணு. கீழ டி, நடுவுல எஃப் ஷார்ப், மேல இ. சி-ய சட்ஜமா வெச்சா ரி, பிரதிமத்யமம், அந்தர காந்தாரம். அவ்ளோதான். பாட்டு இருக்கிறது சி மேஜர்ல, மொத அடியில சி-யே இல்ல! நான் பாத்த "அட்வான்ஸ்டு" நோட்ஸ் சிலதுல இந்த எடத்துல ஏழெட்டு நோட்ட அடுக்கி வெச்சிருக்காங்க, நிறைவா இருக்கணுமாம். வாசிச்சா மாரியோ தொப்பைய வெச்சுக்கிட்டு குதிக்க முடியாம நிக்கிறாரு. (2023-ல அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், காப்பாத்த வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியல்ல இந்தப் பாட்ட சேத்தாங்க. கேம் பாட்டு அதுல ஏறுனது அதுதான் மொத தடவ. நாங்க இத கேட்டுக்கிட்டு இருந்தப்ப வீட்ல கெடைச்சது வசவு.)

அப்புறம் முடிவு. கேம் பாட்டுக்கு முடிவே கெடையாது, தெரியும்ல? சுத்திச் சுத்தி வரும். நீங்க சாகணும், இல்ல ஸ்டேஜ் முடிக்கணும். மேடையில வாசிக்கிறவன் எங்க நிறுத்துவான்? சத்தத்த கொறைச்சுக்கிட்டே போய் மறையுறது எனக்குப் பிடிக்கல, அது ரெக்கார்டிங்ல செய்யுற வேலை. மாரியோவுக்கு நான் கொடிக்கம்பத்துல சறுக்கி எறங்குனப்புறம் வர்ற பிட்ட கடைசியில ஒட்டிட்டேன். ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட்னு படி ஏறி சி-ல போய் ஜம்முனு நிக்கும். மொத அடியில வராத சி, கடைசியில வந்து ஒக்காருது. பையன் இதுக்கு மட்டும் "சூப்பர் மாமா"ன்னான்.

இவ்ளோ நேரம் ஜப்பான் கதையே பேசிட்டேன். நம்ம கேம் ஒண்ணு இருக்கே, வெண்பா! 2023 ஜூலை கடைசியில வந்துச்சு. டொரன்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் பண்ணது. எம்பதுகள்ல கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். இட்லி ஊத்தணும், புட்டு அவிக்கணும், பிரியாணி வைக்கணும், இதான் கேமே. 2024-ல பாஃப்டால சிறந்த அறிமுக கேம்னு விருது வாங்குச்சு. மியூசிக் போட்டவர் பேரு ஆல்ஃபா சம்திங். (பேரே அதுதான்.) சமைக்கிறப்ப ரேடியோல பாட்டு ஓடும். தமிழ் சினிமாப் பாட்டு காலத்துக்குக் காலம் எப்படி மாறுச்சோ, அந்தந்தக் காலத்து வாசனையில புதுசா பண்ண பாட்டு. மொத தடவ கேட்டப்ப இட்லிய மறந்துட்டு ஒக்காந்திருந்தேன்.

அதுல ஒண்ண பியானோவுக்கு எழுதலாம்னு எடுத்தா, கான்ட்ராவுக்கு நேர் எதிர் பிரச்சினை. அங்க குரல் மூணுதான், எல்லாம் கட்டை கட்டையா நிக்கும். இங்க முழு ஆர்க்கெஸ்ட்ரா, அதுக்கு மேல மனுசக் குரல். குரல்ல அசைவு. பியானோவுல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. இதே குறைய சொல்லித்தான் ஆர்மோனியத்த 1940-ல இருந்து 1971 வரைக்கும் ஆல் இந்தியா ரேடியோல உள்ளயே விடல.

கிரேஸ் நோட்டா போட்டு அசைவ எழுதிப் பாத்தேன். விரல் வழுக்குன மாதிரி கேக்குது. ரெண்டு நோட்ட ட்ரில் பண்ணேன், குரல் நடுங்குது. அப்பதான் அனில் சீனிவாசன் பியானோவும் சிக்கில் குருசரண் பாட்டும் சேந்த கச்சேரிய திரும்பப் போட்டுக் கேட்டேன். கமகத்த குரல் பாத்துக்குது, பியானோ அத காப்பியடிக்கப் போகல, சுத்தி இருக்கிற எடத்தத்தான் நெரப்புது. எனக்கு பாடகர் இல்ல, ஆனா யோசனை கெடைச்சுச்சு. அசைவு வர்ற எடத்துல மெலடிய நேரா, அசையாம நிறுத்திட்டேன். அந்த நேரத்துல உள்குரல் ஒண்ண மட்டும் மெதுவா நகத்துனேன். அசைவு இருக்கிற மாதிரியே தோணுது. பாருங்க, கடைசியில நானும் சிப்புக்காரன் வேலையத்தான் பாத்திருக்கேன்!

"பி.டி.எஃப் குடுங்க"ன்னு கேக்கப் போறீங்க. முடியாதுங்க. 1957-ம் வருசத்து காப்புரிமைச் சட்டத்துல, இசையை அரேஞ்ச் பண்றதும், கேட்டு எழுதுறதும் தழுவல்னு தெளிவா இருக்கு, அந்த உரிமை பாட்டு யாரோடதோ அவங்களுக்கு. வீட்ல பையன் வாசிக்க எழுதுறது வேற, ஊருக்கு வெளியிடுறது வேற. எழுதிப் பழகணும்னா கேம் பாய் டெட்ரிஸ்ல இருந்து ஆரம்பிங்க. அதுல மூணாவது பாட்டு பாக் எழுதுனது, மூணாவது ஃப்ரெஞ்சு சூட்ல வர்ற மினுவெட். ஏ-ன்னு இருக்கிற மொத பாட்டு ரஷ்ய நாட்டுப்பாட்டு மெட்டு. மூல மெட்டுக்கு எவனும் சண்டைக்கு வரமாட்டான், ஆனா கேம்ல இருக்கிற அரேஞ்ச்மென்ட்ட அப்படியே எடுக்காம நீங்களே புதுசா எழுதணும்.

இன்னொரு சண்டை மிச்சம் இருக்கு. டெம்போ.

கான்ட்ராவ நான் வாசிச்சுக் காட்டுனா பையன் "ஸ்லோ"ங்கிறான். யூடியூப்ல ஓடுறது எனக்கு என்னமோ பேய் துரத்துற மாதிரி இருக்கு. யாரு சரி? ரெண்டு பேரும் சரியா இருக்க வாய்ப்பிருக்கு. இந்த கேம்கள்ல பாட்டு ஓடுறது டிவி ஃப்ரேம் கணக்குல. ஒரு செமிகுவேவருக்கு 6 ஃப்ரேம்னா, ஜப்பான், அமெரிக்கா டிவில நொடிக்கு 60 ஃப்ரேம், டெம்போ 150. அப்ப நம்ம ஊரு டிவி பி.ஏ.எல், நொடிக்கு 50. அதுக்குன்னு பண்ண காப்பி டப்பால அதே பாட்டு 125-ல ஓடும். சுருதி ஏறக்குறைய அதேதான் இருக்கும், வேகம் மட்டும் ஆறுல ஒரு பங்கு கொறைஞ்சுரும். 40 நொடிப் பாட்டு 48 நொடி. அதாவது நாம சின்ன வயசுல வெளயாடுனதே நிதானமான கான்ட்ரா! (அப்பவும் முப்பது உயிர் வெச்சுக்கிட்டே செத்தோம்.)

நோட்ஸ் தலையில இப்போதைக்கு ரெண்டு டெம்போவும் போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு "ஒரிஜினல்", ஒண்ணு "மதுரை". பையன் மதுரைய பென்சிலால அடிச்சுட்டான்.

அவன நம்ப வைக்க எனக்கு ஆதாரம் வேணும். பரண்ல பழைய டிவி கேம் செட்டு, கான்ட்ரா கேசட்டோட, இன்னும் ஓடுற நெலமையில யாராச்சும் வெச்சிருந்தா சொல்லுங்க. மதுரையச் சுத்தி மேலூர், திருமங்கலம், சோழவந்தான் எங்கயா இருந்தாலும் நானே வண்டியெடுத்துட்டு வாரேன். முதல் ஸ்டேஜ் பாட்டு ஒரு சுத்து சுத்துறதுக்கு எத்தன நொடின்னு பாக்கணும், அவ்ளோதான். சுடாம நிக்கணும், அது ஒண்ணுதான் கஷ்டம்.